குவாத்தமாலாவுக்கு எந்த ஜீப்புல ஏறணும், டீச்சரம்மா?

நம்ம போடி ஊருப் புள்ளைகளுக்கு ஒலகம் தெரியணும்னு நெனைக்கிறீக பாருங்க டீச்சரம்மா, அந்த மனசுக்கே ஒரு கிலோ ஏலக்காய வாங்கி ஒங்க கையில கொடுக்கணும். 2019 ஆகஸ்டுல மேக்க புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சுல்ல, அன்னையிலருந்து அந்தப் பழக்கத்த விட்டுட்டேன். வாயால பாராட்டுறேன், வச்சுக்கங்க.

ஒலகக் கலாச்சார விழா அருமையா இருந்துச்சு. ஆறாவதுலருந்து எட்டாவது வரைக்கும் ஆளுக்கொரு நாடு. எம்பேத்தி ஜப்பான். அவ ஆத்தா நைட்டியத் திருப்பிப் போட்டு, இடுப்புல ஒரு பட்டுத் துண்டக் கட்டி, கொண்டையில ரெண்டு ஊதுவத்திக் குச்சியச் சொருகிவிட்டதும் ஜப்பான் வந்துருச்சு. எதுத்த வீட்டுப் பய எஸ்கிமோ. பழைய மெத்தையக் கிழிச்சு மேலெல்லாம் பஞ்ச ஒட்டி, மாசி வெயில்ல மேடையில நிறுத்துனீக. பாட்டு முடியிறதுக்குள்ள பனிப்பிரதேசம் வேத்து வடிஞ்சு தண்ணிப் பானையத் தேடிப் போயிருச்சு. செலவில்லாத நாடுன்னா பர்மாதான். அப்பன் கைலியும் தாத்தன் துண்டும் போதும்.

ஆப்பிரிக்கா வந்தப்பத்தான் எனக்குக் கொஞ்சம் இருமல் வந்துச்சு. ஏழாவது படிக்கிற பயலுக்கு மூஞ்சியெல்லாம் கரியப் பூசி, கையில ஒரு குச்சியக் கொடுத்து, ‘இதோ ஆப்பிரிக்கா’ன்னு மைக்குல சொன்னாக. அந்தக் கண்டத்துல 54 நாடு இருக்கு தாயி. அம்புட்டையும் ஒரு அடுப்புக்கரித் துண்டுல முடிச்சுப்புட்டீக. அதுலயும் அந்தப் பய பொறக்கும்போதே நல்ல கறுப்பு. அதுக்கு மேல கரிக்கு அங்க என்ன வேலைன்னு எனக்குப் புரியல. அவனுக்குப் புரிஞ்சிருக்கும்.

கோவிச்சுக்காதீக. கெழவன் பேசி முடிச்ச பெறகு வையிங்க. ஒலகத்த டிரஸ்ஸாத் தேனியில வாடகைக்கு எடுத்து, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கசங்காமத் திருப்பிக் கொடுக்கணும்னு நீங்க படுற பாட்டப் பாக்க முடியல. ஒலகம் ஒங்க வகுப்பு பெஞ்சுலதான் ஒக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கு. ஏன் கொட்டாவின்னா, ஆத்தா ஏலக்காய் எடுக்க மலைக்குப் போறதுக்காக அதுவும் வெள்ளனா எந்திரிச்ச புள்ள.

அந்த ஆத்தாவ நீங்க பாத்ததுண்டா? பெற்றோர் கூட்டத்துல பாத்திருக்க மாட்டீக. நீங்க கூட்டம் போடுற நேரம் அவ கேரளாவுல இருப்பா. விடியுமுன்ன ஜீப்பு நிக்கிற எடத்துக்கு ஒருநா வாங்க. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை, தலையில துண்டு, கையில தூக்குவாளி, இடுப்புல அட்டைக்கு மூக்குப்பொடி. ஒரு ஜீப்புல எத்தன பேரு ஏற முடியும், எத்தன பேரு ஏறியிருக்காகன்னு கணக்கு டீச்சரையும் கூட்டிட்டு வந்து எண்ணச் சொல்லுங்க.

அவ பொழுதக் கேளுங்க. வீட்டுக்குள்ள மாமியாகிட்ட தெலுங்கு. சில வீட்டுல கன்னடம். நம்ம பக்கம் ரெண்டும் உண்டு, வாசல் தாண்டிட்டாத்தான் தமிழு. ஜீப்புல ஊர்க்கத பூரா தமிழுல நடக்கும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுத் தாண்டிட்டா பூப்பாறை, சாந்தாம்பாறை. அங்க சூப்பர்வைசர்கிட்ட மலையாளம். இப்பக் கொஞ்ச வருசமா ஜார்க்கண்டு, அசாம், மத்தியப் பிரதேசம்னு எங்கிட்டோ இருந்து சனம் காய் எடுக்க வந்துருக்கு. அதுககூட ஒரே சரத்துல கை வைக்கிறதால இந்தியும் பாதி ஒட்டிக்கிச்சு. 1956ல மாநிலத்தப் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் அங்கிட்டுப் போயி எல்லைக் கோடு விழுந்துச்சுல்ல, அத இவ காலையில ஒரு தரமும் சாயந்தரம் ஒரு தரமும் தாண்டுறா. பாஸ்போட்டு கேக்காத ஒரே காரணத்தால இதுக்கு ‘வெளிநாட்டு அனுபவம்’னு பேரில்லாமப் போச்சு. இருட்டுன பெறகு எறங்கி வந்து, ஒங்க டைரியில கையெழுத்துப் போடுறா. நீங்க பதிவேட்டுல ‘தாயார்: கல்வியறிவு இல்லை’ன்னு எழுதிக்கிறீக. நமக்கெல்லாம் எத்தன பாஷை வரும் டீச்சரம்மா? எனக்குத் தமிழே பல்லு போனதுலருந்து பாதிதான் வருது.

சரி, பாடத்துக்கு வாரேன். ஏழாவது சமூக அறிவியல்ல வட அமெரிக்கா, தென் அமெரிக்கானு ஒரு பாடம் இருக்கு. எம்பேத்தி ராத்திரி பூரா ராக்கி மலை, ஆண்டிஸ் மலை, அமேசான் ஆறுன்னு உருப்போட்டா. ‘ஏத்தா, குவாத்தமாலா எங்கிட்டு இருக்கு?’ன்னு கேட்டேன். ‘அது பரீட்சைக்கு வராது தாத்தா’ன்னுட்டா.

பரீட்சைக்கு வராது. போடி கடைத்தெருவுக்கு நெதமும் வரும். ஏலக்காய்க் கடை வாசல்ல செத்த நேரம் நில்லுங்க, உள்ள பொம்பளைக சொளகுல பொடைச்சு, சல்லடையில சலிச்சு எட்டு எம்எம் காய் தனியா, சின்னக் காய் தனியாப் பிரிக்கிற சத்தத்துக்கு நடுவுல ‘குவாத்தமாலாவுல இந்த வருசம் காய்ப்பு எப்பிடி?’ன்னு ஒரு கேள்வி வந்து விழும். 2007லருந்து ஸ்பைசஸ் போர்டு புத்தடியிலயும் போடியிலயும் கம்ப்யூட்டர்ல ஏலம் விடுது. அங்க ஒக்காந்து பொத்தான அமுக்குறவரு நம்ம மலையில மழை பெஞ்சதா இல்லையான்னு பாக்குற மாதிரியே அந்த மலையையும் பாக்குறாரு.

அந்த வெதையே இங்கிட்டுலருந்து போனதுதான். 1914 வாக்குல ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர்னு ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரரு குவாத்தமாலாவுல கோபான் மலைப்பக்கம் ஏலத்தக் கொண்டுபோயி வச்சாரு. 1980கள்ல நம்மள முந்திட்டாக. இதுல வேடிக்க என்னன்னா, அந்த ஊர்ச்சனம் ஏலக்காயச் சீண்டுறதே கொறவு. பாயாசம் கிடையாது, கேசரி கிடையாது. வெளைஞ்சதுல அநேகமா எல்லாம் கப்பலேறிரும். போயி எறங்குறது பெரும்பாலும் அரபு நாட்டுல.

அரபு நாடுன்னதும் ஒங்க விழாவுல ஒட்டகம் வந்துச்சு. ரெண்டு பய குனிஞ்சு, மேல ஒரு போர்வை. பின்னங்கால் பயலுக்கு இன்னும் முதுகு வலி. எங்க தெருப் பய ஒருத்தன் ரியாத்துல டிரைவர், அவன் சொல்றதக் கேளுங்க. லேசா வறுத்த காப்பிக் கொட்டையில ஏலக்காயத் தட்டிப் போட்டுக் காய்ச்சுவாகளாம். பாலும் கிடையாது, சக்கரையும் கிடையாது. பிடியில்லாத சின்னக் கிண்ணத்துல அடியில மட்டும் ஊத்துவாக. குடிச்சு முடிச்சதும் போதும்னா கிண்ணத்த லேசா ஆட்டிக் காட்டணும். ஆட்டாட்டி ஊத்திக்கிட்டே இருப்பாக, அதுதான் விருந்தாளிக்கு மருவாத. இந்தப் பய போன புதுசுல அது தெரியாம, ஊத்த ஊத்தக் குடிச்சுட்டு ராத்திரி பூரா கூரையப் பாத்துப் படுத்துக் கெடந்திருக்கான். அந்தக் காப்பிய 2015ல யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியல்ல சேத்துருக்கு. ஒட்டகத்துக்குப் பதிலா ஒரு கிண்ணத்த வச்சு, ஊத்துறவன் ஒருத்தன், ஆட்டுறவன் ஒருத்தன்னு ரெண்டு பயல நிக்க வச்சிருந்தீகன்னா ஒரு நாட்டு விருந்து மொற புள்ளைக மண்டையில ஏறியிருக்கும். அங்கிட்டு ஸ்வீடன், பின்லாந்துல இதே காயப் பன்னுக்குள்ள வச்சுச் சுட்டுத் திங்கிறாகளாம். நம்மாளு பன்னுக்குள்ள பட்டர் ஜாமோட நிறுத்திக்கிட்டான்.

பூச்சி மருந்து மிச்சம் கூடுதலா இருக்குன்னு சவூதிக்காரக நம்ம சரக்கத் திருப்பி அனுப்புன கதையும் உண்டு. அத அறிவியல் டீச்சர்கிட்ட தள்ளிவிட்டுருங்க.

குவாத்தமாலா இருக்குற அமெரிக்கக் கண்டம் நமக்கு என்ன கொடுத்துச்சுன்னு புள்ளைகள ஒரு தரம் கேட்டுப் பாருங்க. முழிப்பாக. மொளகா, தக்காளி, மக்காச்சோளம், நெலக்கடலை, கொய்யா, பப்பாளி, மேக்க மலையில ஆவி பறக்கத் திங்கிற கப்பக்கெழங்கு. எல்லாம் அங்கருந்துதான், அதுல பலது போர்த்துக்கீசியரு கப்பல்ல வந்தது. ‘நமது பாரம்பரிய உணவு’ன்னு ஒரு பந்தல் போட்டிருந்தீகளே, அதுல மொளகாயையும் தக்காளியையும் எடுத்துட்டா என்ன மிஞ்சும்? நல்லமொளகு ரசம் மிஞ்சும். அந்த ரசத்தக் கொண்டாந்த புள்ளைக்கு ஆறுதல் பரிசுகூடக் கொடுக்கல நீங்க.

ஒலகம் நம்ம ஊருக்கு வந்தது டிவி வந்த பெறகுன்னு நெனைச்சுராதீக. 1902ல மூணாறுக்கு மேல குண்டளைப் பள்ளத்தாக்குல ஒத்தத் தண்டவாளத்துல வண்டி விட்டாக, மாடு இழுத்துச்சு. 1908ல நெசமான சின்ன ரயிலே வந்துருச்சு. டாப் ஸ்டேசன்ல தேயிலைப் பெட்டிய கம்பியில தொங்கவிட்டு கொட்டகுடிக்கு எறக்குவாக. அங்கருந்து போடி, பெறகு தூத்துக்குடி, அங்கருந்து கப்பல்ல சீமைக்கு. வெள்ளைக்காரி குடிச்ச டீ நம்ம குரங்கணி தலைக்கு மேல ஆடிக்கிட்டுத்தான் போச்சு. 1924 வெள்ளம் அந்த ரயில அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நம்ம போடி ரயில் 1928ல வந்தது. அகலப்படுத்துறோம்னு 2010 கடைசியில நிறுத்தி, குறிஞ்சிப் பூ பூக்குற கணக்குல 2023 ஜூன்லதான் திருப்பி விட்டாக.

குறிஞ்சின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2024ல அரசாங்கம் ‘மகிழ் முற்றம்’னு ஆரம்பிச்சு, புள்ளைகள குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு அணியாப் பிரிச்சிருக்கு. நல்ல யோசன, சாதியும் தெருவும் பாக்காம கலந்து ஒக்காரும்ல. ஒங்க குறிஞ்சி அணிக்குத் தலைவன் யாரு? கடைவீதியில மூணு மாடி வீட்டுப் பய. குறிஞ்சி பூக்குற மலைச்சரிவு எது, 2018ல பூத்தது அடுத்து 2030ல எங்கன பூக்கும்னு சொல்லத் தெரிஞ்ச வீட்டுப் புள்ள எந்த அணியில? நெய்தல்ல. கடலையே பாக்காத புள்ள, சீட்டுக் குலுக்கிப் போட்டதுல நெய்தலுக்குப் போயி, கடைசி பெஞ்சுல கரை ஒதுங்கியிருக்கு.

அந்தப் புள்ளையப் பத்திப் பேசத்தான் இம்புட்டுத் தூரம் சுத்தி வந்தேன். அதுக்கு முன்ன திருப்பி ஒருக்கா குவாத்தமாலாவுக்குப் போயிட்டு வருவோம். அங்க காய் பறிக்கிறது கெக்சின்னு ஒரு மாயாச் சனம். அந்த நாட்டுல மாயா பாஷைக மட்டும் 20-க்கு மேல இருக்கு, ஆனா பள்ளிக்கூடம் ரொம்ப காலம் ஸ்பானிஷ்லதான் நடந்துச்சு. வீட்டுல ஒண்ணு, வகுப்புல ஒண்ணு. புள்ள முழிக்கும், வாத்தியாரு மக்குன்னு முடிவு கட்டுவாரு. 36 வருசம் உள்நாட்டுச் சண்டை நடந்து, 1996ல சமாதானம் ஆனப்ப, வீட்டு பாஷையையும் சேத்துப் படிக்கிற உரிமைய ஒப்பந்தத்துலயே எழுதிவைக்க வேண்டியதாப் போச்சு. இத நீங்க வகுப்புல சொன்னா புள்ளைக ‘பாவம்’னு உச்சுக் கொட்டும். நீங்களும் கொட்டுவீக. கடலுக்கு அங்கிட்டு இருக்குறவுகளுக்கு எரக்கப்படுறதுல ஒரு சௌகரியம், அவுக நம்ம பெஞ்சுல எடம் கேட்டு வரமாட்டாக.

சிறைக்காட்டுப் பக்கமிருந்து பளியர் வீட்டுப் புள்ள வருது, முதுவாக்குடிப் பக்கமிருந்து முதுவர் வீட்டுப் புள்ள வருது. அதுக தமிழுக்கு ஒரு தனி ராகம். முதுவாக்கமாருக்கு ஒரு கதை உண்டு: மதுரையிலருந்து சாமியையும் புள்ளையையும் முதுகுல சொமந்துக்கிட்டு மலையேறுனோம்னு. அப்பிடிப் பாத்தா நம்மளவிடப் பழைய மதுரைக்காரக அவுகதான். புள்ள மொத வாரம் வாயத் தொறக்கும். வகுப்பு சிரிக்கும். ரெண்டாவது வாரம் தொறக்காது. ‘அமைதியான குழந்தை’ன்னு நீங்க சிவப்பு மையில எழுதிக் கொடுப்பீக, அத வாசிச்சுக் காட்ட மலையில ஆளத் தேடணும்.

2022ல அரசுப் பள்ளியில மாசத்துக்கு ஒரு ஒலக சினிமான்னு போட ஆரம்பிச்சாக. சாப்ளினோட ‘தி கிட்’ போட்டாக, ஊமைப் படம். அப்ப ஆறாவது படிச்ச எம்பேரன் வந்து சொன்னான்: ‘தாத்தா, மலைப் பய இன்னைக்கு எங்களுக்கு முன்னால சிரிச்சுட்டான்.’ யாருக்கும் பாஷை தேவைப்படாத அன்னைக்கு அவன் முந்திக்கிட்டான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல, நீங்க படிச்சவுக.

இன்னொண்ணு. விழாவுக்கு எல்லா நாட்டுக் கொடியையும் தோரணமாக் கட்டியிருந்தீக. எது எந்த நாடுன்னு கேட்டுப் பாத்தேன், பாதிப் புள்ளைக்குத் தெரியல. பயக மணிக்கட்டுல கட்டியிருக்குற கயித்தக் காட்டி, இந்த நெறம் எந்தத் தெருன்னு கேளுங்க, ஒண்ணாவது படிக்கிற வாண்டுகூட ஒப்பிக்கும். 2023ல நாங்குநேரியில கூடப் படிச்ச பயகளே சாதி பாத்து வீடு பூந்து ஒரு புள்ளைய வெட்டுனாக. அதுக்குப் பெறகு நீதியரசர் சந்துருவ வச்சு அரசாங்கம் ஆராய்ஞ்சது. இந்தக் கலர்க் கயிறெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள கூடாதுன்னு 2024ல அவரு அறிக்கையில எழுதிக் கொடுத்தாரு. ஒங்க விழாவுல அந்தப் பயகதான் ‘ஒரே உலகம்’ பாட்டுக்கு ஆடுனாக. கைய மேல தூக்கும்போது கயிறு நல்லாத் தெரிஞ்சுச்சு.

நம்ம தேனிச் சீமைக்குப் பெரிய மனசு இல்லைன்னு சொல்லல. முல்லைப் பெரியாற 1895ல கட்டி முடிச்ச பென்னிகுவிக்குக்கு, அவரு பொறந்த நாளு சனவரி 15னு தேடிக் கண்டுபுடிச்சு, கம்பம் பள்ளத்தாக்குல பொங்கல் வைக்கிற சனம் நாம. வீட்டுல போட்டோ, புள்ளைக்குப் பேரு. 2022ல தமிழ்நாட்டு அரசு இங்கிலாந்துல கேம்பர்லிக்கே போயி செலை வச்சுட்டு வந்துருக்கு. வெள்ளைக்காரருக்கு வச்ச பொங்கல வழிச்சுத் திம்போம். அதே நாளு கீழத்தெருவுல வைக்கிற பொங்கல, ‘வயிறு சரியில்ல’ன்னு ஒதுக்கிருவோம். தை மாசத்துல மட்டும் இந்த ஊருக்கு ஏன் இம்புட்டு வயித்துக் கோளாறுன்னு டாக்டருதான் பாக்கணும்.

சரி, அடுத்த வருசத்துக்கு யோசன கேட்டீகன்னா ஒண்ணே ஒண்ணு சொல்வேன். வாடகை டிரஸ் காசுல ஒரு பெரிய ஒலகப் படம் வாங்கிச் செவுத்துல அடிங்க. போடியில ஒரு ஆணி. ஒங்க வீட்டுலருந்து யாரு எங்க வேலைக்குப் போனாக, ஒங்க ஆத்தா கைபட்ட காய் எங்க போகுது, சமையக்கட்டுல இருக்குறது எங்கருந்து வந்துச்சுன்னு புள்ளைக விசாரிச்சுட்டு வரட்டும். ஆளுக்கொரு நூலு இழுத்துக் கட்டட்டும். ரியாத், மலேசியா, கோபான், சாந்தாம்பாறை, ஜார்க்கண்டு. முதுவாக்குடிக்கும் ஒரு ஆணி அடிங்க. படத்துல அந்தப் பேரு இருக்காது, பேனாவால நீங்களே எழுதணும்.

சிறப்பு விருந்தினருன்னு வருசாவருசம் கோட்டுப் போட்ட ஒருத்தரக் கூட்டியாறீக, அவரும் சிங்கப்பூர் ரோட்டுல எச்சி துப்பமாட்டாகன்னு சொல்லிட்டு, வெளிய வந்து துப்பிட்டுப் போறாரு. இந்தத் தரம் காய் எடுக்குற ஒரு பொம்பளையக் கூப்புடுங்க. பொன்னாடை வேணாம், அவ ஒருநாக் கூலியக் கவர்ல போட்டுக் கொடுங்க. வரும்போது தோட்டத்துல கூட வேல செய்யிற ஜார்க்கண்டுக்காரியையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் எந்த பாஷையில சண்ட போடுறாக, எந்த பாஷையில சோத்தப் பங்கு போடுறாகன்னு புள்ளைக கேட்டுக்கிரட்டும். கடைசி பெஞ்சுப் புள்ளைய மொத வரிசையில ஒக்கார வைக்கணும்னு தனியாச் சொல்லணுமா?

ஹெட்மாஸ்டர் ஒத்துக்குவாரான்னு பயப்படாதீக. நோட்டீசுல ‘குளோபல்’னு ஒரு வார்த்தையக் கொட்டை எழுத்துல போட்டுருங்க. அதுக்குக் கீழ எழுதியிருக்குறத அவரு படிக்கமாட்டாரு.